முதலில் உருகிய பனி

சான் ரெமீஜோ, மேல்வீடு
ஆகஸ்ட் 21, 2022

அன்புத் தம்பி செகொந்தோவுக்கு,

அண்ணன் ஒரெஸ்தே எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? உன் புகைபோக்கியில் புகை வருவதை என் ஜன்னலிலிருந்து பார்த்துத்தான் நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

கிறிஸ்துமஸிலிருந்து உருப்படியாக ஒரு மழை இல்லை. என் சரிவில் பழம் கொடியிலேயே உலர்திராட்சை ஆகிவிட்டது. எட்டுப் பீப்பாயில் மூன்று நிறைந்தால் பெரிது. அந்த ஒயினும் குடித்தால் தொண்டையை எரிக்கும். இந்த வருஷம்தான் மகள் மிரெல்லா கிடங்குப் பொறுப்பை எடுக்கிறாள். முதல் வருஷமே இப்படி ஆனால் ஐம்பது வருஷமாகச் சேர்த்த பெயர் போய்விடும்.

உன் பக்கம் இலை இன்னும் பச்சையாக நிற்கிறது. வெயில் படாத சரிவு என்று எல்லோரும் சிரித்த இடம். உன் நெபியோலோ திராட்சையை எனக்குக் கொடு. நடுவில் இருக்கும் காட்டுப்பாதையில் டிராக்டர் வரும். என் பழத்தோடு கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரே மலை, ஒரே கொடி. உன் பழத்துக்கு இன்றுவரை பெயரே இல்லை, தம்பி. என் புட்டிக்குள் போனால் அதுவும் பரோலோ, ஒயினில் மேல்தரம். கழுத்தில் அரசு முத்திரையோடு நிற்கும்.

அன்புடன்,
ஒரெஸ்தே


சான் ரெமீஜோ, கீழ்வீடு
செப்டம்பர் 1, 2022

அண்ணன் ஒரெஸ்தேக்கு,

செகொந்தோ சொல்லச் சொல்ல தபால்காரி இனேஸ் எழுதுவது. முழங்கால் அப்படியேதான். விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தை இனேஸ் இரண்டு தடவை வாசித்தாள். ஏழு வயதில் என்னை மேல்மலைப் பண்ணைக்கு மாடு மேய்க்க அனுப்பினார்கள்; நீ பள்ளிக்கூடம் போனாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுதி வைக்கத் தெரியாததால் என்னால் எதையும் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அறுபத்து நான்காம் வருஷம், பிப்ரவரி. அப்பா இறந்து ஒரு மாதம். நான் ராணுவத்திலிருந்து வந்து மூன்று வாரம். நான் இல்லாதபோது அப்பா வாங்கிக் காடு வெட்டிப் போட்டிருந்த மேட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நம் வழக்கப்படி மூத்தவனான நீ நிலத்தைப் பிரித்தாய். எடுப்பது இளையவன் முறை. மேல்மடிப்பா, கீழ்மடிப்பா என்று நான் தடுமாறியபோது நீ என் தோளில் கைபோட்டு, "பனி எங்க முதல்ல உருகுதோ அங்கதான்டா நெபியோலோ. சனிக்கிழமை காலையில பாத்து எடுத்துக்க" என்றாய். அதைச் சொல்லித்தர நீ வேண்டியதில்லை; பனி முதலில் உருகுவது நல்ல வெயில் விழும் சரிவில் என்று இந்த மலைகளில் பால்குடி மறந்த எவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை கீழ்மடிப்பில் மண் கறுப்பாகத் தெரிந்தது. மேல்மடிப்பு முழுக்க வெள்ளை. நான் கீழ்மடிப்பை எடுத்தேன். நீ ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய்.

ஏப்ரலில் கொத்தும்போது மண்வெட்டியில் சாம்பல் ஒட்டியது. கேட்டதற்கு, யாரோ கரி சுட்ட இடமாயிருக்கும் என்றாய். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் மாவுச் சல்லடை சாம்பல் நிறத்தில் தொங்குகிறது. அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை. அறுபத்தாறில், எந்த நிலத்துப் பழம் பரோலோ என்று சட்டம் போட்டவர்கள் வந்து நம் வேலி வழியாகவே கோடு கிழித்தார்கள். உன் பக்கம் பரோலோ, என் பக்கம் வெறும் மேசை ஒயின். எண்பதில் உன் பக்கத்தை இன்னும் ஒரு படி தூக்கி, உத்தரவாதம் என்று புட்டிக் கழுத்தில் சீட்டு ஒட்டினார்கள்.

அந்தச் சாம்பலைப் பற்றி உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அப்புறம் பழத்தைப் பற்றிப் பேசலாம்.

"இதையும் எழுதணுமா, செகொந்தோ மாமா?" என்கிறாள் இனேஸ். எழுதம்மா என்றேன்.

+ (செகொந்தோ)


சான் ரெமீஜோ, மேல்வீடு
செப்டம்பர் 9, 2022

தம்பி,

எழுதுகிறேன். எனக்கு எண்பத்து நான்கு ஆகிறது. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

நீ பனி பார்த்த சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு, சாம்பல் புதன். நீ காலைப் பூசைக்குப் போயிருந்தாய். ரொட்டி அடுப்புச் சாம்பல் இரண்டு மூட்டை சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவின் சல்லடையில் சலித்துக் கீழ்மடிப்புப் பனிமேல் தூவினேன்; சாம்பல் பட்ட பனி வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகும். சாயங்காலம் மெல்லிசாகப் பனி பெய்து அதை மூடியது. கடவுளே எனக்கு உதவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியும். சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் நெத்தியில சாம்பல் வாங்கப் போயிருக்கான், நீ அவன் நெலத்துல போட்டுட்டு வர்றியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மனம் லேசாக இருக்கிறது. உன் பழத்துக்காக மீதி ஐந்து பீப்பாயையும் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டேன். பக்கத்து ஊரில் கோட்டுக்கு உள்ளே விளைந்த பழம் கொஞ்சம் தருவதாகச் சொன்னார்கள். தம்பி தருகிறான் என்று வேண்டாம் என்றுவிட்டேன். இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை டிராக்டர் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

உன் அண்ணன்,
ஒரெஸ்தே


சான் ரெமீஜோ, மேல்வீடு
செப்டம்பர் 22, 2022

செகொந்தோ,

செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. கூடை கூடையாய்ப் பழம் ஏற்றிக்கொண்டு உன் டிராக்டர் கீழே இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மிரெல்லா வெற்றுப் பீப்பாய்களுக்கு நடுவில் நிற்கிறாள். நீ வாக்குக் கொடுத்தாயே?

ஒரெஸ்தே


சான் ரெமீஜோ, கீழ்வீடு
பிப்ரவரி 14, 2024, சாம்பல் புதன்

அண்ணன் ஒரெஸ்தேக்கு,

செகொந்தோ சொல்ல இனேஸ் எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஒயின் தயாராக வேண்டியிருந்தது.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. என் கடிதத்தை எடுத்து வாசித்துப் பார். உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே. பேசலாம் என்றேன். இப்போது பேசுகிறேன்.

என் பழத்தை ஆற்றங்கரையில் கிடங்கு போட்டிருக்கும் லோரென்சாவுக்குக் கொடுத்தேன். தரம், முத்திரை எதுவும் கேட்காத பெண். வெயில் குறைந்த சரிவு என்பதால்தான் சூடு ஏறிவரும் இந்தக் காலத்துக்குச் சரியாக வந்திருக்கிறது என்கிறாள். இத்துடன் ஒரு புட்டி. கழுத்தில் சீட்டு இருக்காது, தேடாதே. ஒயினுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். "சாம்பல்" என்றேன். அப்படியே அச்சடித்துவிட்டாள்.

உன் சாம்பல் கடிதத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு காபிக் கடையில் இனேஸை வாசிக்கச் சொன்னேன். அவளுக்குச் சங்கடம்தான், ஆனாலும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் ஜேப்பின் எழுந்து, "அடேயப்பா, மேல்தரம்னு இத்தன வருஷமா சலிச்சுக் குடுத்தது அவங்கம்மா சல்லடையா!" என்றான். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அம்மாவை இழுத்தது பிடிக்கவில்லை.

கோட்டுக்கு வெளியே விளைந்த என் பழத்தைத் திருட்டுத்தனமாகக் கலக்கச் சொன்ன உன் முதல் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. தகரப் பெட்டியில் இருக்கிறது. காட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒயின் சோதனை அதிகாரிகளின் வண்டி ஊருக்குள் வரும்போதெல்லாம் நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நீ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள். ஒவ்வொரு பிப்ரவரியும் நான் அப்படித்தான் உன் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் பனி பெய்தது. இன்று பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு வந்து மேட்டைப் பார்த்தேன். உன் பக்கம்தான் முதலில் உருகியிருந்தது. யாரும் எதுவும் தூவவில்லை.

பதில் எழுத வேண்டாம். இனேஸ் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாள். இனி உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்ட ஆள் தேடப்போவதில்லை.

+ (செகொந்தோ)