அடுப்படி ஜன்னல்

மயிலாடுதுறை
20.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பாப்பாவும் நலம். போனில் பேசினால் இருவருக்குமே வாய் நீண்டுவிடுகிறது. அதனால்தான் எழுதிக்கொள்வோம் என்றேன். பெய்த மழையில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் உழுதாயிற்று.

நேற்று கேஸ் ஏஜென்சியிலிருந்து இளவழகன் என்பவர் சோதனைக்கு வந்தார். லீவில் வந்தபோது அடுப்பை ஜன்னலடியிலிருந்து உள்மூலைக்கு நகர்த்தினீர்களே, டியூப் எட்டவில்லை என்று மருந்தடிக்கும் பம்பின் குழாயை வெட்டி ஒட்டுப் போட்டீர்களே, அதைப் பார்த்து அவர் முகமே மாறிவிட்டது. "கேஸுக்கு இது தாங்காதுங்க. நடுவுல ஒட்டே இருக்கக் கூடாது" என்றார். கசிந்தால் கேஸ் தரையோடு படியுமாம், ஜன்னலையும் அடைத்து வைத்தால் அது போக வழியில்லையாம். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். புது டியூப் போட்டு அடுப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். நீங்கள் ஜன்னலில் அடித்திருந்த, நெல் மூடும் படுதாவை நான் கழற்றிவிட்டேன். கோபப்படாதீர்கள். அடுப்படியில் இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

உங்கள் ஆனந்தவல்லி

குவைத்
4.7.2024

அன்புள்ள ஆனந்தவல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலமா என்று கேட்டு ஒரு வரி இல்லை, ஆனால் இளவழகன் சொன்னது ஒன்று விடாமல் இருக்கிறது. எவ்வளவு நேரம் இருந்தான்? காபி கொடுத்தாயா? உட்கார்ந்து குடித்தானா, நின்றபடியா?

அந்த ஜன்னலுக்கு எதிரே வாய்க்கால் படித்துறை. பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு குளித்துவிட்டு நிதானமாகத் தலை துவட்டும் இடம். அங்கே நின்றால் அடுப்படியில் இருக்கும் நீ இடுப்பு வரை தெரிகிறாய். நானே படித்துறையில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் படுதா அடித்தேன். வெயிலில் வெந்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்தால், இந்நேரம் அங்கே எவன் நிற்கிறானோ என்றுதான் நினைப்பு வருகிறது. வயிறு எரிகிறது ஆனந்தி. இது சந்தேகம் இல்லை. பாசம் இல்லாதவனுக்கு இதெல்லாம் வருமா?

தம்பி சதீஷிடம் சொல்லிவிட்டேன். அடுப்பு மூலைக்கே போகட்டும். என் கையால் போட்ட ஒட்டு அவ்வளவு லேசில் கழன்றுவிடாது.

துரைராசு

மயிலாடுதுறை
18.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சதீஷ் தம்பி வந்து உங்கள் சொல்படியே செய்துவிட்டுப் போனது. என் முகத்தைப் பார்க்கவே அதற்குக் கூச்சம். பழைய ஒட்டு, பழைய மூலை, பழைய படுதா.

காபி கொடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் கொடுப்பேன். அவர் நின்றபடிதான் குடித்தார், போதுமா?

பொறாமைப்படுகிற புருஷனுக்குத்தான் பிரியம் ஜாஸ்தி என்று கல்யாணமான புதிதில் அக்கா கேலி செய்வாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது அடுப்பைப் பற்ற வைக்குமுன் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்த ஒட்டை முகர்ந்து பார்க்கிறேன். பாப்பா வேறு தரை ஜில்லென்று இருக்கிறது என்று அடுப்படியிலேயே படுத்து விளையாடுகிறாள். 'சரி, ஜன்னலைத் திற' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் ஆனந்தவல்லி

குவைத்
1.8.2024

அன்புள்ள ஆனந்தவல்லிக்கு,

அந்த ஜன்னலைத் திறப்பதில் உனக்கு ஏன் இத்தனை ஆசை? பொங்கலுக்கு வருவேன், வந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவரை படுதா இருக்கட்டும். சிலிண்டர் கொண்டுவருபவனை வாசலோடு அனுப்பிவிடு. ரெகுலேட்டரை நீயே மாட்டிக்கொள். பாப்பாவுக்கு முத்தம்.

துரைராசு

சீர்காழி
16.8.2024

அத்தானுக்கு,

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிவிட்டு, ரெகுலேட்டரை மூடாமல் கொல்லைக்குத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்படியெல்லாம் கேஸ் வாடை. ஒட்டு கழன்று கிடந்தது. பாப்பா தரையில் வாந்தி எடுத்து, கூப்பிட்டதற்குக் கண் திறக்காமல் கிடந்தாள். சுவிட்சைத் தொடவில்லை. ரெகுலேட்டரை மூடினேன், கதவைத் தள்ளினேன், படுதாவைக் கிழித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படித்துறைப் பக்கம் ஓடினேன். கோவிந்தராசு அண்ணன்தான் ஈரத் துணியோடு வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சதீஷ் உங்களுக்குப் போன் செய்தது. பாப்பா என் மடியில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் முதலில் கேட்டது, "அப்ப வீட்டுல யாருடா இருந்தா?" அடுத்துக் கேட்டது, "யாரு வண்டியில ஏறிப் போனா?" அடுத்தாவது பிள்ளையைக் கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கோவிந்தராசுவைத் திட்ட ஆரம்பித்தீர்கள். தம்பி தாங்காமல் போனை வைத்துவிட்டது.

நான் இனி அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. பொங்கலுக்கு வந்தால் சாவியைச் சதீஷிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம், பிரிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்போது வீட்டில் இருந்தது உங்கள் மகள்.

ஆனந்தவல்லி