பொட்டலத் தாளோடு வந்த புத்தகம்

விருத்தாசலம்
12.8.2004

என் பெஞ்சுக்காரிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பாண்டிச்சேரி ஹாஸ்டலில் கொசுத்தொல்லை என்று எழுதியிருந்தாய். கஷ்டம்தான். எனக்கும் அங்கே இடம் கிடைத்தபோது, அவ்வளவு தூரம் வேண்டாம் என்றுதானே என் அப்பா சொன்னார்.

போன வாரம் உன் அம்மா, நீ நர்ஸ் உடுப்பில் நிற்கும் போட்டோவை எங்கள் பீங்கான் கம்பெனிக்கே கொண்டுவந்தார்கள். நான் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எம்பொண்ணு எப்படி இருக்குறா பாரும்மா."

"தொப்பி கோணலா இருக்குதுங்க" என்றேன். கோணலாக இல்லை.

எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஜூன் மாதம் கேட்டாய். உயிரியலில் உன்னைவிட முப்பது மார்க் கூட வாங்கியவள் என்று என்னை நம்பிக் கேட்டாய். கடையில் விற்கும் நோட்ஸே போதும் என்று எழுதினேன். இப்போது உடற்கூறியல் பரீட்சையில் தவறிவிட்டதாக அழுதிருக்கிறாய்.

போதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

பொம்மைகளைச் சுற்றிக் கட்ட இங்கே பழைய தாளை எடைக்கு வாங்குவார்கள். அந்த மூட்டையில் படங்களோடு ஒரு தடித்த உடற்கூறியல் புத்தகம் கிடந்தது. கிழிக்கச் சொன்னார்கள். முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீ கேட்ட அன்று அது என் மடியில்தான் இருந்தது.

இந்தக் கடிதத்தோடு அதை அனுப்புகிறேன். மறு பரீட்சை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடு, அது என்னுடையது. புரியாத இடம் இருந்தால் பக்க எண்ணை மட்டும் எழுது. புத்தகம் இல்லாமலே சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் உட்கார்ந்தவள்