பத்து இலட்சத்து ஒன்பது

இன்று பின்னேரம் கல்லடிப் பாலத்தில் வறுத்த கச்சான் கடலை வாசம் வந்தது. பழக்கத்தில் ஒரு சரை வாங்கிவிட்டேன். பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை, மச்சான்.

வேலை விட்டு, நீ காத்தான்குடிக்கும் நான் குருக்கள்மடத்துக்கும் போகுமுன் இங்கேதான் நிற்போம். நான் ஒரு எண் சொல்வேன், நீ அதைக் காரணிகளாக உடைப்பாய். நீ சொன்னால் நான். போனைத் தொடக்கூடாது. கச்சான் தீர்ந்ததும் சரைத் தாளை விரித்து அதிலேதான் வகுத்தல் எல்லாம். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஒருநாள் 1000009 என்றேன். 283 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்தாய். மஃரிப் பாங்கு கேட்டது, தொழப் போனாய். தொழுதுவிட்டு வந்து, "போதும். இது உடையாது. எழுதி வை" என்றாய். அவ்வளவு திமிர் உனக்கு.

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுதானது. இரத்தம் சுத்திகரிக்கும் வார்டில் தாதிமாரிடம் கூட அந்த எண்ணைச் சொல்லிப் பீத்தினாய்: "அது உடையாத வரைக்கும் நானும் உடைய மாட்டன்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தக் கிழமைதான் அது என் கையில் உடைந்திருந்தது. ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் 1000009. அது நமக்குப் பார்த்தவுடனே தெரியும். 972இன் வர்க்கத்தோடு 235இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதே எண்தான் வந்தது. பகா எண் அப்படி இரண்டு விதமாக வராது. சொல்வதா, விடுவதா? சொன்னால் மனம் விட்டுவிடுவாயோ என்று பயந்தே போனேன். ஆனால் உன்னிடம் பொய்யாக நடிக்கவும் ஏலவில்லை.

சொன்னேன். உன் மனைவிக்குக் கோபம். "சுகமில்லாத மனிசனோட இப்பதானா கணக்குப் பேசுற?"

 நீ தாள் கேட்டாய். ஊசி குத்தாத கையால் கோணல்மாணலாக எழுதினாய்: 293 பெருக்கல் 3413. 283க்கு அடுத்த பகா எண்ணே 293தான்!

"அட படுபாவி, இன்னும் ஒரே ஒரு படிதானே! பாங்குல குற்றமில்ல மச்சான், தொழுதிட்டு வந்து கள்ளத்தனம் பண்ணினது நான்தான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "எல்லாரும் என்னை நோயாளியாத்தான் பாக்கிறாங்க. நீ ஒருத்தன்தான் சண்டைக்கு வாறாய்." அதே மூச்சில் எனக்கு ஒன்று வைத்தாய்: "1000081. உடை பாப்பம்."

அடுத்த கிழமை உன் ஜனாஸா நல்லடக்கத்துக்குத்தான் வந்தேன்.

நீ வைத்த எண்ணோடுதான் இப்போது திரிகிறேன். பஸ்ஸில், வரிசையில், சும்மா இருக்கும்போது, ஒவ்வொன்றாக வகுக்கிறேன். ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களைப் பார்த்து முடித்தால் விடை வந்துவிடும். இதுவரை ஒன்றும் மீதியின்றி வகுபடவில்லை. 997 மட்டும் மிச்சம்.

இரண்டு நிமிட வேலை. முடித்துவிட்டால் நீ என்னிடம் கேட்டது எதுவும் பாக்கியில்லை. கை போக மாட்டேனென்கிறது, மச்சான்.