மூன்றாவது மாடிக்கு ஏறிய தண்ணீர்

ஆடி வெள்ளி, 1952. அலோர் காஜா, மலாயா.

தூக்கம் வரவில்லை. டவுனில் நாங்கள் கட்டும் மூன்று மாடிக் கடைக் கட்டடத்தில் இன்றுதான் முதன்முதலாகத் தண்ணீர் விட்டோம். குழாயும் கரண்டுக் கம்பியும் எந்தச் சுவரில் எப்படி ஓட வேண்டும் என்று வரைந்தவன் நான். எல்லாவற்றையும் புதைத்துப் பூச்சும் பூசியாகிவிட்டது. கட்டடத்துக்காரச் சீன முதலாளி, தவுக்கே, காலையிலேயே எரிந்து விழுந்தார். "மேல வரைக்கும் ஏறாது லா. செவுத்த ஒடைக்க வெச்சேன்னா, ஒனக்கு வேலை இல்ல." அந்த மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

பம்பைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். சிமெண்டு குழைக்கும் முனியம்மா அக்கா அங்கே நின்றார். இத்தனை மாதமும் வேலைக்கு வேண்டிய தண்ணீரையெல்லாம் மூங்கில் ஏணியில் தலைச்சுமையாக ஏற்றியவர் அவர்தான். குழாயைக் காட்டினேன். "நீங்களே தொறங்கக்கா" என்றேன்.

முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் கொட்டியது.

அக்கா ஒரு கை ஏந்திக் கண்ணில் ஒற்றினார், தலையில் தெளித்துக்கொண்டார். உடனே குழாயை இறுக மூடிவிட்டார்.

"ஏன்க்கா, ஓடட்டுமே?"

"வேணாம் தம்பி. கீழேருந்து யாரு தூக்குறாங்களோ, பாவம்."

அப்போது சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை. வெளியே கம்யூனிஸ்டுக் கலவரத்துக்காகப் போட்ட கர்ப்பியூ, ராத்திரி ஊரடங்கு. ஊரே கதவடைத்துக் கிடக்கிறது. அந்தச் சுவருக்குள் மட்டும், நான் பென்சிலால் இழுத்த கோட்டில், தண்ணீர் மூன்று மாடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. யார் தலையிலும் இல்லாமல்.