பூவுக்குச் சேதமில்லை

மார்ச் 3
கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. கண் பரிசோதனைக்கு வந்தது இரண்டே பேர். நூலகப் புத்தகத்தைப் பிரித்தேன். இருநூறு வருடம் முன்பு மலை மலையாகச் செடி தேடி அலைந்த ஒருவரின் பயணக் குறிப்புகள். ஒரு இலையின் அடிப்பக்க ரோமத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறார். தன் காய்ச்சலுக்கு ஒரே சொல். ஆளைப் பிடித்துவிட்டது.

மார்ச் 6
அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் டயாலிசிஸில் ஓடுகிறது. "சும்மா பார்த்து வைப்போமே" என்று அண்ணி சொன்னதால் டெஸ்டுக்குப் போயிருந்தேன். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறதாம். "ஆபரேஷனுக்குத் தேதி கேட்டாச்சு. உனக்கென்ன, புருஷனா பிள்ளையா, லீவு போட்டா முடிஞ்சுது" என்றாள் போனில்.

தேதி கேட்டாச்சு. சரி.

மார்ச் 7
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11
புத்தகத்தில் இன்று, செங்குத்துப் பாறையில் ஒரு வெள்ளைப் பூ. சுமைதூக்கி வந்தவனை ஏறச் சொல்கிறார். குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: 'ஆள் தவறிவிட்டான். பூவுக்குச் சேதமில்லை.' அடுத்த வரியிலிருந்து இதழின் நீள அகலம்.

ஏறுகிறாயா என்று கேட்டிருப்பாரா? அவனுக்கும் ஒரு அண்ணி இருந்தாளோ என்னவோ.

மார்ச் 12
சொல்லிட்டேன். "என்னை யாருமே கேக்கலையே அண்ணி."

"கூடப் பொறந்தவனுக்குக் குடுக்க, உன் கால்ல வந்து விழணுமா?" போனை வச்சுட்டா.

கேட்டது தப்பா? கேக்காம இருந்தது அவங்கதானே—

மார்ச் 15
அண்ணன் கடைக்கே வந்தான், தனியாக. முகம் ஊதியிருந்தது. பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அவ பேசினதை மனசுல வச்சுக்காதே. நானும்தான் கேக்கல. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இப்ப கேக்கறேன். குடுக்கறியா? முடியாதுன்னாலும் நான் உன் அண்ணன்தான்."

"பயமா இருக்குண்ணா."

"எனக்கு மட்டும்?"

இருவரும் சிரித்துவிட்டோம். பதில் சொல்லவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை. பஸ் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 19
டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். "கடைசி நிமிஷத்துல வேண்டாம்னாலும் நிறுத்திடுவோம், காரணம் கேக்க மாட்டோம்" என்றார்.

புத்தகமும் முடிந்தது. செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார். பாறை ஏறியவனின் பெயர் கடைசிவரை வரவேயில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "சரி" என்றேன். அவன் போனை வைக்கும்வரை லைனிலேயே இருந்தேன்.

ஏப்ரல் 24
இருமினால் தையல் இழுக்கிறது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்கிறாள் நர்ஸ்.

அண்ணி அடுத்த வார்டிலிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "போகுதுடி... குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போகுது!" என்று அழுதாள். அண்ணனுக்குச் சிறுநீர் போவதைத்தான் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் பை நிறைந்துவிட்டதாம். இரண்டாவதை மாட்டியிருக்கிறார்கள்.