தாய்மாமன் வண்டியின் பிரேக்

மதிப்பும் பிரியமும் நிறைந்த லூமே அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? என் உடம்பு இரும்பு. வண்டியின் பிரேக்தான் கொஞ்சம் பஞ்சாகிவிட்டது.

பயப்படாதே. உன் மகள் தேஉதா கல்யாணத்துக்குத் தாய்மாமன் மலையிறங்கி வரவேண்டிய வண்டி அல்லவா! பெடலை மிதித்தால் என் கால் இந்தக் கிரீஸ் நாட்டையே துளைத்துக்கொண்டு நம் அல்பேனியாவில் எட்டிப் பார்த்தது. பிரேக் ஆயில் குறையவில்லை, கசிவும் இல்லை. அப்படியானால் குழாயில் காற்று. காற்றை வெளியேற்றும் திருகை நான் திறக்கும்போது பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று வாடகை வீட்டுக்காரம்மா கலியோப்பியைக் கெஞ்சி உட்கார வைத்தேன்.

“மிதிங்கம்மா! காலை எடுக்காதீங்க!”

“இந்நேரம் ஒரு பீப்பா ஆலிவ் எண்ணெயே மிதிச்சு எடுத்திருப்பேன்டா!”

காற்று அசையவில்லை. குனிந்து பார்த்தால், போன மாதம் உன் மேதைத் தம்பி சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறான். திருகு அடியில், காற்று மேலே! சரியாக மாட்டி மறுபடி மிதிக்க வைத்ததும் காற்று பெரிய ஏப்பத்தோடு வெளியேறியது. இப்போது பெடல் பாறை. சரிவில் ஓட்டிப் பார்த்தேன்; கோழிக்கூண்டுக்கு ஒரு சாண் முன்னால் ராஜாவைப் போல நின்றது.

கல்யாண விருந்தில் பேச்சு ஓயாத மேசையாகப் பார்த்து எனக்கு இடம் போடு. இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லை; தோட்டத்து ஆரஞ்சு மரங்கள்கூட என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கின்றன.

கலியோப்பி ஜன்னலில் நின்று கத்துகிறாள்: “மிதிச்சவளுக்குக் கல்யாணச் சாப்பாடு கிடையாதா?”

அக்கா, இரண்டு நாற்காலி போடு.

அவசரமாக,
உன் தம்பி பெஸ்னிக்