இடப்பக்கம் பறந்த செம்போத்து

மாப்ளே,

இன்று காலை பரணிலிருந்து உன் அச்சுக்கட்டைகளை இறக்கினேன். துணியைப் பிரித்ததும் மாவு மாதிரி மரத்தூள் கொட்டியது. மலையின் பூச்சிகளையும் பறவைகளையும் பன்னிரண்டு படமாக அச்சிட வேண்டும் என்று ஆசைப்பட்டாயே, நீ செதுக்கி முடித்த பதினொன்றில் பத்தை வண்டு துளைத்திருக்கிறது. செம்போத்தை மட்டும் தொடவில்லை. அதையும் தின்று தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது போடி ஊர் முழுக்கத் தெரியும். உனக்கு அது தினமும் வேடிக்கை. ஒருநாள், கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும் கதண்டு ஒன்றைச் சீசாவில் அடைத்துக் கொண்டுவந்து, மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு அதன் இறக்கை நரம்புகளை வரைந்துகொண்டிருந்தாய். அன்றுதான் நான் செம்போத்துப் படத்தைக் கட்டையில் ஒட்டினேன். வரைவதும் செதுக்குவதும் உன் சோலி. தாளைக் கட்டையில் ஒட்டுவதும் மை தடவி அச்செடுப்பதும் என் சோலி. தாளைக் குப்புற ஒட்ட வேண்டும். அப்போதுதான் அச்சில் பறவை நீ வரைந்த பக்கமே பறக்கும். என் கண்ணெல்லாம் சீசாவின் தக்கை மேலேயே இருந்தது. உள்ளே கதண்டு இரைய இரைய, தாளை மல்லாக்க ஒட்டிவிட்டேன்.

நீ செதுக்கித் தந்து அச்செடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வலப்பக்கம் போக வேண்டிய செம்போத்து இடப்பக்கம் போனது. அது இடம் போனால் போன காரியம் விளங்காது என்று, ஏர் பூட்டப் போகிறவன்கூட நம் பக்கம் வீடு திரும்பிவிடுவான். மறுநாள் நீ பன்னிரண்டாவது படத்துக்காக இருவாச்சிப் பறவையைப் பார்க்க மலையேற இருந்தாய்.

"போகாதடா, சகுனம் சரியில்ல" என்றேன்.

"கட்டையில இருக்கறது எங்கிட்டுடா பறக்கப்போகுது?" என்று சிரித்தாய். "நீயும் வா மாப்ளே. பொந்துக்குள்ள அடைஞ்சு கெடக்குற பொண்டாட்டிக்கு ஆம்பள இருவாச்சி பழம் ஊட்டுறதப் பாக்கலாம்."

நான் வரவில்லை. மாற்றி ஒட்டியது நான்தான் என்றும் சொல்லவில்லை. ஏலக்காய் ஏற்றப் போன பொதிமாடுகளோடு நீ முந்தல் அடிவாரம் வழியாக ஏறிப் போனாய்.

பதினைந்தாம் நாள் அந்த மாட்டுக்காரர்களே உன்னைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மலைக்காய்ச்சல். கொயினா மாத்திரைக்கும் அடங்கவில்லை. "அண்ணே, உங்களத்தான் கேக்குறாக, வெரசா வாங்க" என்று உன் மனைவி வந்து கூப்பிட்டாள்.

குளிரில் உன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அந்தச் செம்போத்த நாந்தான் தப்பாச் செதுக்கிட்டேனாடா? அதான் இப்படி ஆயிருச்சா?"

நீ பயந்து நான் பார்த்தது அன்றுதான். 'நான்தான்டா மாற்றி ஒட்டினேன்' என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் வாசற்படியில் உன் மனைவி நின்றாள். அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று எனக்கு உதறல். "பேசாமப் படு, எல்லாம் சரியாயிரும்" என்றேன். நீ கையை விடவே இல்லை. மறுநாள் போய்விட்டாய்.

செய்யாத தப்பை உன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டேனே என்றுதான் இத்தனை வருடமும் அழுதேன். இன்று அந்தக் கட்டையைத் துடைக்கும்போது வேறொன்று உறைத்தது. அதை வரைந்தவன் நீ. குப்புற ஒட்டிய தாளில் மங்கலாகத் தெரியும் உன் கோடுகள், மல்லாக்க ஒட்டியதில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அதன் மேலேயே குனிந்து நான்கு நாள் உளி பிடித்திருக்கிறாய். நான் மாற்றி ஒட்டியது உனக்கு முதல் நாளே தெரியாமலா இருந்திருக்கும்? சொன்னால் இவன் நடுங்கிச் சாவான் என்று சும்மா இருந்திருப்பாய். அப்படியானால் அன்று உன் கண்ணில் நான் பார்த்தது பயமே இல்லை. நானாக வாய் திறப்பேனா என்று காத்திருந்திருக்கிறாய்.

கதண்டுக்கும் சகுனத்துக்கும் பயந்த காலமெல்லாம் போய்விட்டது, மாப்ளே. இப்போது உனக்குத்தான் பயப்படுகிறேன். நானும் வந்து சேரும் நாள் தூரத்தில் இல்லை. வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பாய். அப்போதாவது எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.